பாட்டா? வாக்குமூலமா?

ரொம்ப நாளா பாதி எழுதி அப்படியே போட்டு வச்சிருந்த பதிவு இது. பரீட்சை, வாடகை, விசா புதுப்பிக்கிற அலைச்சல்னு தள்ளிக்கிட்டே போச்சு. இன்னிக்கு எப்படியும் முடிச்சிடணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து படிங்க மக்களே.

விஷயம் இதுதான். ஒரு வார்த்தை எப்போ கெட்ட வார்த்தை ஆகிறது? வார்த்தையை வைத்தா, சொன்ன ஆளை வைத்தா? "இதென்னய்யா கேள்வி, கெட்ட வார்த்தைன்னா யார் சொன்னாலும் கெட்டதுதானே"ன்னு கேப்பீங்க. பாரிஸ்ல கொஞ்ச நாள் இருந்து பாருங்க. பதில் அவ்வளவு சுலபமில்லைன்னு தெரியும்.

முதல்ல ரெண்டு பேரை அறிமுகம் செய்கிறேன்.

ஒருத்தர் எரிக் ஸெமூர். பத்திரிகையாளர், டிவி விவாதங்களின் நிரந்தர விருந்தாளி. 2010 மார்ச்சில் ஒரு டிவி நிகழ்ச்சியில் உட்கார்ந்துகொண்டு, போதைப்பொருள் விக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பர்களும் அரபிகளும்தான், இது உண்மைன்னு அடிச்சுப் பேசினார். அதே நாளில் இன்னொரு நிகழ்ச்சியில், அவங்களுக்கு வேலை தர மறுக்க முதலாளிக்கு உரிமை உண்டுங்கிற மாதிரியும் சொன்னார்.

இன்னொருத்தர் யூசூஃபா. கின்ஷாசாவில் பிறந்த ராப் பாடகர். காங்கோ இசையின் பெரிய தலை தபு லேயின் மகன். 2009ல் ஒரு பாட்டில் ஸெமூர் பேரைச் சொல்லி, அந்த ஆள் வாயை அடைக்கிறவனுக்குக் காசு தர்றேன்கிற மாதிரி ஒரு வரி பாடினார். கூடவே ஒரு வசவு.

ஸெமூர் யூசூஃபா மேல வழக்கு போட்டார். 2011 அக்டோபரில் யூசூஃபா குற்றவாளின்னு தீர்ப்பு, 800 யூரோ அபராதம். அதே வருஷம் பிப்ரவரியில் ஸெமூருக்கும் இனப் பாகுபாட்டைத் தூண்டினதா தண்டனை கிடைச்சிருந்தது. நிறுத்தி வைக்கப்பட்ட அபராதம், அதாவது உடனே கட்ட வேண்டியதில்லை. அட, சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானேன்னு தோணுதா? அடுத்து நடந்ததைப் பாருங்க. தீர்ப்பு வந்த கொஞ்ச நாளிலேயே ஆளுங்கட்சி எம்.பி.க்கள் ஸெமூரை நாடாளுமன்றக் கட்டிடத்துக்கே கூப்பிட்டுப் பேச வைத்துக் கைதட்டினார்கள். பின்னால் ஒரு செய்திச் சானலில் தினசரி நிகழ்ச்சி. 2022ல் ஜனாதிபதி வேட்பாளர், 7 சதவீத ஓட்டு.

யூசூஃபா கதை என்னாச்சு? 2012 ஜூனில் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார். அதோட முடிஞ்சதா? 2021 மே மாதம் யூரோ கோப்பைக்கு பிரான்ஸ் அணியை அறிவிக்கிறப்போ அவர் பாட்டு ஒண்ணைப் போட்டாங்க. உடனே தீவிர வலதுசாரிகள், எப்படி இந்த ஆளோட பாட்டைப் போடலாம்னு கிளம்பிட்டாங்க. கோர்ட்டே விடுவித்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஆனாலும் அந்த ஒரு வரி அவர் கழுத்தில் தொங்குகிறது.

ஒருத்தர் சொன்னது "கருத்து". இன்னொருத்தர் பாடினது "மிரட்டல்". இதுதான் நான் சொல்ல வந்த கணக்கோட முதல் வரி.

இது புதுசும் இல்லை. 1995 ஜூலை 14, தூலோன் பக்கத்தில் லா சேன் என்ற ஊரில் ஒரு கச்சேரி. தூலோன் நகரசபையை தீவிர வலதுசாரிகள் ஜெயிச்சதை எதிர்த்து நடத்தினது. சேன்-தெனி புறநகர்ப் பையன்கள் ரெண்டு பேர், ஒருத்தர் கறுப்பு, ஒருத்தர் வெள்ளை, என்.டி.எம். குழு. மேடையிலிருந்து போலீசைத் திட்டிவிட்டார்கள். 1996ல் தீர்ப்பு: ஆறு மாத சிறை, அதில் மூணு மாதம் கட்டாயம் உள்ளே இருக்கணும். கூடவே ஆறு மாதம் மேடை ஏறவும் தடை. மேல்முறையீட்டில் சிறைத்தண்டனையைக் குறைத்து நிறுத்தி வைத்து, அபராதம் போட்டார்கள். ஆனா மேடையில் திட்டினதுக்கு சிறைன்னு ஒரு நீதிபதி எழுதினார் பாருங்க, அது யோசிக்க வேண்டிய விஷயம்.

இங்கே ஜோர்ஜ் பிரசான்ஸை நினைச்சுப் பார்க்கணும். பிரெஞ்சுக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பாடகர், மீசையும் பைப்புமா. 1950களில் அவர் பாடின கொரில்லா பாட்டில் ஒரு நீதிபதிக்கு என்ன கதி ஆகிறதுன்னு நான் இங்கே எழுத முடியாது, வீட்டுல பெரியவங்களும் படிக்கிறாங்க :-) அந்தக் காலத்தில் அதை வானொலியில் போட விடலை, உண்மைதான். ஆனா இன்னிக்கு பாரிஸ்ல அவர் பேரில் ஒரு பூங்கா. ஊரூருக்கு அவர் பேரில் பள்ளிக்கூடம். நீதிபதியைக் கேவலப்படுத்தினது இப்போ இலக்கியம்.

2005க்கு வருவோம். அக்டோபர் 27, கிளிஷி-சூ-புவாவில் போலீசுக்குப் பயந்து மின்மாற்றி நிலையத்துக்குள் ஒளிந்த ரெண்டு பையன்கள், ஸியெத் பென்னாவும் பூனா த்ரவோரேயும், மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார்கள். புறநகர்கள் மூணு வாரம் எரிந்தன. ரெண்டு நாள் முன்னால்தான் உள்துறை அமைச்சர் சர்கோசி அர்ஜான்தெயில் கேமரா முன்னால் புறநகர்ப் பையன்களைப் "பொறுக்கிகள்"ங்கிற அர்த்தத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தார். அதே வருஷம் ஜூனில் லா குர்னவ் குடியிருப்பைத் தண்ணீர் பீச்சும் மெஷின் வைத்துக் கழுவணும்னு பேசியிருந்தார். லா குர்னவ்ல எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்குன்னு லாச்சப்பல்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கழுவ வேண்டிய லிஸ்டில் நாமும் இருந்தோம்னு யாராவது யோசிச்சோமா?

கலவரம் அடங்கினதும், சுமார் 200 எம்.பி.க்களும் செனட்டர்களும் ஒண்ணு சேர்ந்து நீதி அமைச்சருக்கு மனு கொடுத்தார்கள். எதைப் பத்தி? அமைச்சர் சொன்ன சொல்லைப் பத்தியா? இல்லீங்க. ஏழு ராப் பாடகர்கள், குழுக்கள் மேல் நடவடிக்கை எடுக்கணும்னு. அந்த லிஸ்டில் சிலர் அதுக்கு முன்னாடியே பாடுறதை நிறுத்திவிட்டார்கள், சில குழுக்கள் கலைஞ்சே போயிருந்தன. பாடாத பாட்டு ஊரைக் கொளுத்திச்சாம்! அமைச்சர் 2007ல் ஜனாதிபதி ஆனார்.

லா ரூமர் குழுவின் ஹமே கதை இன்னும் நீளம். 2002ல் போலீஸ் வன்முறையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். கவனிங்க, பாட்டு இல்லை, கட்டுரை. உள்துறை அமைச்சகம் அவதூறு வழக்கு போட்டது. ஜெயிச்சார், மேல்முறையீடு. மறுபடி ஜெயிச்சார், மறுபடி மேலே போனார்கள். 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் முடிச்சு வைக்கிற வரைக்கும் எட்டு வருஷம். கடைசியில் ஜெயிச்சுட்டாரேன்னு சொல்லலாம். எட்டு வருஷம் கோர்ட் படி ஏறுறது தண்டனை இல்லைன்னா வேறென்ன?

"வெள்ளைக்கார ராப்பரை யாரும் தொடலையா?"ன்னு கேட்பீங்க. தொட்டாங்க. ஓரெல்சான், நார்மண்டிக்காரர், வெள்ளை. பெண்களுக்கு எதிரான வன்முறை நிறைஞ்ச வரிகளுக்காகப் பெண்கள் அமைப்புகள் வழக்கு போட்டன. 2013ல் தண்டனை, 2016 பிப்ரவரியில் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. பாட்டில் பேசுவது கற்பனைப் பாத்திரம், பாடகரின் சொந்தக் கருத்து இல்லை என்பது அங்கே வந்த முக்கியமான வாதம். 2018ல் நாட்டின் பெரிய இசை விருதுகளில் மூணை அள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் தகராறு இல்லை. பாட்டில் பாத்திரம் பேசலாம், சரி. ஆனா ஒண்ணைப் பாருங்க. ஓரெல்சான் விவகாரத்தில் எவ்வளவு சத்தம் எழுந்தாலும், "நார்மண்டி வெள்ளைப் பசங்களே இப்படித்தான்"னு ஒருத்தரும் சொல்லலை. அவர் பாட்டுக்கு அவர் ஒருத்தர்தான் பொறுப்பு. ஒரு கறுப்பரோ அரபியோ பாடினா மட்டும் அவங்க தெரு, அவங்க மதம், அவங்க அப்பன் பாட்டன் எல்லாம் சேர்ந்து கூண்டில் ஏறணும்.

இதைத்தான் தலைப்பில் வச்சேன். வெள்ளைக்காரர் பாடினா பாட்டு. கறுப்பர் பாடினா வாக்குமூலம்.

தனிச் சொற்களுக்கும் இதே கதிதான். 2010 அக்டோபர் 15, பிரான்ஸ் 2 சானலின் மதியச் செய்தி. வாசனைத் திரவிய உலகின் பெரிய பேர் ழான்-போல் கெர்லான். ஒரு சென்ட் தயாரிக்க எவ்வளவு பாடுபட்டேன்னு சொல்ல வந்தவர், "நேக்ர்" மாதிரி உழைத்தேன் என்றார். அந்த வார்த்தை அடிமை வியாபாரக் காலத்துச் சொல், ஆங்கிலத்தில் என்-வார்த்தைன்னு மறைச்சுச் சொல்றாங்களே, அதோட அண்ணன் தம்பி. அதோட விடாமல் அவங்க எப்பவாவது அவ்வளவு உழைச்சாங்களான்னு ஒரு சந்தேகத்தையும் சேர்த்தார். தேசியத் தொலைக்காட்சி, மதியச் சாப்பாட்டு நேரம், குண்டூசி விழுந்த சத்தம் கூட இல்லை. எதிர்ப்பெல்லாம் பிறகுதான். 2012ல் 6,000 யூரோ அபராதம்.

அகதா கிறிஸ்டியின் பத்துப் பேர் நாவல் தெரியுமில்ல? தீவில் ஒவ்வொருத்தரா சாவாங்களே. அமெரிக்காவில் 1940லேயே அந்தத் தலைப்பை மாத்திட்டாங்க. பிரெஞ்சில் அதே "நேக்ர்" சொல்லோட 2020 வரைக்கும் கடையில் வித்தாங்க. பேக்கரியில் ஒரு சாக்லேட் பலகாரத்துக்கும் நேக்ர் தலைன்னு பேரு. "சும்மா பேரு, தப்பா எடுத்துக்காதீங்க."

அயா நகமுரா விஷயத்தை மறக்க முடியுமா? பமாக்கோவில் பிறந்து பாரிஸ் புறநகரில் வளர்ந்த பாடகி. 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் பாடலாம்னு செய்தி கசிஞ்சதும், அவர் பேசுறது பிரெஞ்சே இல்லை, கொச்சை, ஆபாசம்னு ஒரே கூச்சல். ஒரு தீவிர வலதுசாரிக் கூட்டம், இது பாரிஸ், பமாக்கோ சந்தை இல்லைங்கிற அர்த்தத்தில் பேனரே பிடிச்சது. 1977ல் ரெனோன்னு ஒரு வெள்ளைக்காரப் பாடகர் எழுத்தைத் தலைகீழாப் புரட்டிப் பேசுற தெரு பாஷையைத் தலைப்பாகவே வைத்துப் பாடினார். நாடே கூடச் சேர்ந்து பாடிச்சு. தெரு பாஷை அவர் வாயில் ருசி, இவர் வாயில் அழுக்கு. கடைசியில் 2024 ஜூலை 26 அன்று அயா குடியரசுக் காவற்படை வாத்தியக்குழுவோட சேன் ஆத்துப் பாலத்தில் பாடத்தான் செய்தார். கேட்க நல்லாவே இருந்துச்சு.

இந்த இடத்தில் எப்பவும் ஒரு கேள்வி வரும். "அவங்க பாட்டுல அவங்களே அந்த வார்த்தையைச் சொல்லிக்கிறாங்களே, மத்தவங்க சொன்னா மட்டும் ஏன் குத்தம்? இதுதான் இரட்டை அளவுகோல்!"

பதில் நம்ம தமிழிலேயே இருக்கு. "டா". கூடப் படிச்சவன் "வாடா"ன்னா தோளில் கை போடுற மாதிரி. அதே "வாடா"வை போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தர் சொன்னா அடி விழப்போகுதுன்னு அர்த்தம். ஊர்ப் பண்ணையார் அப்பா வயசுக்காரரைச் சொன்னா தலைமுறைக் கோபம். ஒரே எழுத்துதான். அது எந்த உயரத்திலிருந்து விழுதுங்கிறதுதான் விஷயம். 1930களில் எமே செசேரும் நண்பர்களும் "நேக்ர்" சொல்லைக் கையில் எடுத்து, அதிலிருந்தே "நெக்ரிதியூத்"னு ஒரு இலக்கிய இயக்கத்துக்குப் பேர் வச்சாங்க. தன் மேல எறிஞ்ச கல்லை எடுத்து வீடு கட்டுறது வேற, கல்லை எறியறது வேற. அதனால யார் சொன்னதுன்னு பார்க்கிறதே தப்புன்னு நான் சொல்லலை. மேலேயிருந்து சொல்றவருக்கு மன்னிப்பும் கீழேயிருந்து சொல்றவருக்குத் தண்டனையும்னு தலைகீழாப் பார்க்கிறோமே, அதைத்தான் சொல்றேன்.

நம்ம வீட்டுப் பொண்ணு கதை ஒண்ணும் இருக்கு. மாயா, மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து சின்ன வயசில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 2015 நவம்பரில் அகதிகளைப் பத்தி "பார்டர்ஸ்"னு ஒரு வீடியோ. அதில் அவர் போட்டிருந்தது பாரிஸ் சேன்-ஜெர்மன் அணியின் பனியன், ஆனா "ஃப்ளை எமிரேட்ஸ்"ங்கிற விளம்பரத்தை "ஃப்ளை பைரேட்ஸ்"னு மாத்தியிருந்தார். கிளப்புக்கு ரோஷம் வந்துடுச்சு. எங்க பேரு கெட்டுப்போச்சு, எடுத்துடுன்னு வக்கீல் பாணியில் கடிதம். சரி, பேர் மேல அவ்வளவு அக்கறை. 2018 நவம்பரில் பத்திரிகையில் என்ன வந்தது தெரியுமா? அதே கிளப்பின் ஆள் தேடும் பிரிவு, 2013லிருந்து சின்னப் பையன்களைப் பத்தின படிவத்தில் இனத்துக்குன்னு ஒரு கட்டம் வைத்திருந்தது. பிரெஞ்சு, மக்ரெப், அந்தீல், கறுப்பு ஆப்பிரிக்கா. அதாவது "பிரெஞ்சு"ன்னா வெள்ளை. அப்படிப் படிவம் இருந்ததைக் கிளப்பே ஒத்துக்கொண்டது. ஒரு அகதிப் பாட்டில் பனியன் வந்தா பேர் கெடும், பத்து வயசுப் பையனை நிறம் பார்த்துக் கட்டத்தில் அடைச்சா கெடாது போல.

இவ்வளவு நேரம் பிரெஞ்சுக்காரர்களைத் திட்டினதும் நம்மாளுங்களுக்கு ஜாலியா இருந்திருக்கும். இப்போ வண்டியை லாச்சப்பலுக்குத் திருப்புறேன்.

மெட்ரோ ரெண்டாம் நம்பர் லைனில் லாச்சப்பலுக்கு அடுத்த ஸ்டேஷன் பார்பெஸ். இங்கே நம்ம மல்லிப்பூ, முருங்கைக்காய், மாணிக்க விநாயகர் கோயில். அங்கே ஆப்பிரிக்கரும் அரபிகளும். நடந்தா பத்து நிமிஷம் கூட இல்லை. அங்கிருந்து மரவள்ளியும் கருவாடும் வாங்க நம்ம கடைகளுக்குத்தான் வர்றாங்க. வாரக் கடைசியில் நான் ஒரு மளிகைக் கடையில் பெட்டி அடுக்குறேன். அங்கே என்னோட நிக்கிற ஈழத்து அண்ணை ஒருத்தர், தங்கமான மனுஷன், எனக்கு முதல் மாசம் சாப்பாடு போட்டவர். ஒரு நாள் கேட்டார்:

"தம்பி, அந்தக் காப்பிலி என்னவாம் கேக்கிறான்?"

கேட்டுக்கொண்டிருந்தவர் மாலிக்காரர், அறுபது வயசு இருக்கும். "போன்ழூர் முஸ்யே"ன்னு சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சார்.

"ஏன் அண்ணை அப்படிச் சொல்றீங்க?"

"அது ஏச்சு இல்லையடா தம்பி. ஊரிலை சும்மா சொல்லுற பேர்தானே. அவனுக்கு விளங்கவே போகுது?"

"நம்மளை இங்க பசங்க 'பக்பக்'னு கூப்பிடுறாங்களே, அது?"

"அது வேறை. அது நக்கல்."

இதுக்கு மேல விளக்கம் வேணுமா? நம்ம மேல விழுந்தா நக்கல், நாம எறிஞ்சா சும்மா பேர். அண்ணை எண்பத்து மூணு கலவரத்துக்குப் பிறகு கிளம்பி வந்தவர். "பற தெமளா"ன்னு கத்திக்கிட்டு வந்த கூட்டத்தை நேரில் பார்த்தவர். அந்தச் சொல்லை இன்னிக்கும் அவர் காதால கேட்க மாட்டார். அதுவும் சிங்களத்தில் யாராவது "சும்மா பேச்சு"ன்னுதான் சொல்லிப் பழகியிருப்பாங்க.

"காப்பிலி" எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, அரபியின் "காஃபிர்", போர்த்துக்கீசியர் வழியா நம்மகிட்ட வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் அதே சொல்தான் கறுப்பர்களை மிதிக்கிற சொல். 2018ல் அங்கே ஒரு வெள்ளைப் பெண், கறுப்புப் போலீஸ்காரர்களைப் பார்த்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதுக்குச் சிறைத்தண்டனையே வாங்கினார். டர்பனில் இருக்கிற தமிழர்களுக்கு அந்தச் சொல்லோட எடை நல்லாத் தெரியும். லாச்சப்பல்ல அதை வெங்காயம் மாதிரி விலையில்லாம எறிஞ்சுக்கிட்டிருக்கோம்.

ஈழத்தமிழர் மட்டும்தான் இப்படின்னு தமிழ்நாட்டு மக்கள் யாரும் நாற்காலியில சாய்ஞ்சு உக்காராதீங்க. 2007ல் சிவாஜி படம். பாரியின் மகள்கள் அங்கவை, சங்கவை பேரை ரெண்டு பெண்களுக்கு வச்சு, முகத்தில் கரியப் பூசி, நிறத்தை வச்சே காமெடி. தியேட்டரே சிரிச்சது. அதே படத்தில் ஹீரோ ஒரு பாட்டு முழுக்க வெள்ளையா மாறினார், அதுக்கு விசில். 2017ல் பிக் பாஸ் வீட்டில் "சேரி பிஹேவியர்"னு ஒருத்தர் சொன்னது அப்படியே ஒளிபரப்பாச்சு. நம்ம டிவியில் ஒரு சாதாரண வசவு வந்தா "கூங்"னு சத்தம் போட்டு மறைப்பாங்க. கோடிக்கணக்கான பேர் குடியிருக்கிற இடத்தையே வசவாச் சொன்னா சத்தம் வராது. அந்த "கூங்" பட்டனை யார் கையில் வச்சிருக்காங்கன்னு யோசிங்க. பிரான்ஸ்லயும் அதே கேள்விதான்.

"வெறும் வார்த்தைதானே, இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா"ன்னு சிலர் நினைக்கலாம். வார்த்தை வாயோட நிக்கிறதில்லை. போன வருஷம் நான் அறை தேடி அலைஞ்சப்போ, போனில் பேரைச் சொன்னதும் "அறை போயிடுச்சு"ன்னு வச்சவங்க உண்டு. அரை மணி நேரம் கழிச்சு என் கூடப் படிக்கிற பிரெஞ்சுப் பையன் கூப்பிட்டா அறை அங்கேயேதான் இருக்கு. அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்கும் ஒரு "சும்மா பேர்" இருக்கும். அந்தப் பேர்தான் கதவைச் சாத்துச்சு. அதே கோபத்தோட லாச்சப்பலுக்கு வந்தா, நம்மாளு ஒருத்தர் தன் வீட்டுக் கீழறையைப் பத்திச் சொல்றார்: "ஆருக்கும் குடுப்பன், காப்பிலிக்கு மட்டும் குடுக்க மாட்டன்."

பிரான்சில் இனவெறிப் பேச்சுக்கு 1972லேயே தனிச் சட்டம் வந்தாச்சு. எரிக் ஸெமூரை அதை வச்சுக் கோர்ட்டுக்குக் கொண்டு போகலாம். நம்ம கடை வாசலில் தமிழில் சொல்றதை எந்தச் சட்டத்தாலயும் பிடிக்க முடியாது, ஏன்னா கேட்கிறவருக்கு விளங்காது. அதனாலதான் அந்தப் பொறுப்பு நம்ம மேல மட்டும் விழுது.

அண்ணைகிட்ட அதுக்கப்புறம் நான் விவாதம் பண்ணலை. வயசுல மூத்தவர், சாப்பாடு போட்டவர். ஆனா இப்பெல்லாம் நான் பக்கத்துல இருந்தா "அந்தக் கா..."ன்னு ஆரம்பிச்சு, ஒரு நொடி நிறுத்தி, "அந்த மரவள்ளி கேட்ட மனுசன்"னு முடிக்கிறார். முகத்தில் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும்.

இருக்கட்டுமே. மாலிக்காரர், செனகல்காரர், காங்கோக்காரர்னு சொல்ல நம்ம தமிழ்ல இடம் இல்லாமப் போகலை. அதுவும் தெரியலைன்னா "ஐயா, உங்க பேர் என்ன"ன்னு பிரெஞ்சில் கேட்க மூணு வார்த்தை போதும்.